ஜான் பிரௌனிங்: சட்டைப்பைக்குத் தோட்டா செய்த பட்டறைக்காரர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றாலே ஜேம்ஸ் வாட், எடிசன், சர் விஸ்வேஸ்வரய்யா என்று ஒரு வரிசை உண்டு. அவர்களைப் பற்றி நம் சீனியர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் துப்பாக்கி செய்தவர். துப்பாக்கிக்காரனைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு சில பேர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையா படிச்சுப் பாருங்க. நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ், மெஷின் டிசைன் ரெண்டு பாடமும் இந்த ஒரு மனுஷன் கைக்குள்ள அடங்கிக் கிடக்கு. பாடப் புத்தகத்துல இல்லாத ஒரு சங்கடமும் அதுல இருக்கு.

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜொனாதன் பிரௌனிங் துப்பாக்கி செய்யும் கொல்லர். மார்மன் சமயத்தைச் சேர்ந்தவர். மூன்று மனைவியர், இருபத்திரண்டு பிள்ளைகள்! அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் நம் ஜான். வீட்டை ஒட்டியே பட்டறை. துப்பாக்கி ரிப்பேர் மட்டும் இல்ல, ஊர்க்காரங்க கொண்டு வர்ற உழவு சாமான், ஓட்டைப் பாத்திரம் எல்லாம் அங்கதான் வரும். பிள்ளை விளையாடினதே பழைய இரும்புக் குவியல்ல. பத்து வயது வாக்கில் ஒரு உடைந்த குழலையும் மரத்துண்டையும் கம்பியையும் வைத்து முதல் துப்பாக்கியைக் கட்டிவிட்டார்.

பள்ளிப் படிப்பு பதினைந்து வயதோடு முடிந்தது. பொறியியல் என்று எந்தக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை. 1879-இல் மூன்று காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் ரேச்சல் தெரசா சைல்டு என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். ஜூனில் தந்தை காலமானார். அக்டோபரில் ஒரே தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிளுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் தம்பிமார் சேர்ந்து ஒரு சின்னத் தொழிற்சாலை கட்டினார்கள். தம்பி மேட் கணக்கு வழக்கையும் வியாபாரத்தையும் பார்த்தார். இன்னொரு தம்பி எட் அண்ணன் சொன்னபடி மெஷினில் வெட்டிக் கொடுத்தார். அண்ணன் தம்பி பட்டறைன்னா நம்ம ஊர்ல எப்படி நடக்குமோ அப்படியேதான்.

1883-இல் கிழக்குக் கரையிலிருந்து வின்செஸ்டர் கம்பெனியின் பென்னட் என்பவர் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, அந்த ரைஃபிளின் உரிமையை 8000 டாலருக்கு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த இருபது வருஷம் வின்செஸ்டர் விற்ற நல்ல ரைஃபிள்களில் பெரும்பாலானவை இவர் கைப்பட்டவை. நாற்பதுக்கும் மேற்பட்ட டிசைன்களை அந்தக் கம்பெனி வாங்கியது. பலவற்றைத் தயாரிக்கவே இல்லை. வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாதே என்று வாங்கிப் பூட்டி வைத்தார்கள்.

இங்கே ஒரு செய்தி. வாரத்துக்கு வாரம் டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயரோடு முதுகொடிய நிற்கும் நமக்கு வயிற்றெரிச்சல் தரும் செய்தி. பிரௌனிங் முறையான டிராயிங் போட்டு வேலை செய்தவர் இல்லை. கையில் கிடைத்த காகிதத்தில் ஒரு கிறுக்கல், தகட்டில் வெட்டிய டெம்ப்ளேட், அதிலிருந்து நேராக எஃகு. மாதிரி ஓடி, சுட்டு, சரியான பிறகு அதை அளந்து டிராயிங் போடுவது கம்பெனி டிராஃப்ட்ஸ்மேன் வேலை. எங்க டிராயிங் சார்கிட்ட இதைச் சொல்லி மார்க் கேட்க முடியாதுங்கறது வேற விஷயம்!

1889-இல் துப்பாக்கி சுடும் இடம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது, ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாய்க்கு முன்னால் இருந்த செடிகள் சாய்வதைக் கவனித்தார். அங்கே இருந்த எல்லாரும் பார்த்த காட்சிதான். அந்தக் காற்று வீணாகப் போகிற சக்தி என்று அவருக்கு மட்டும் பட்டது. அந்த வாயுவைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். கோல்ட் கம்பெனி அதை வாங்கியது. (கோல்ட் என்றால் தங்கம் இல்லீங்க, சாமுவேல் கோல்ட் என்ற ஆளோட பேரு.) அந்தக் கதை பெரிது; அதை இங்கே விட்டுவிடுகிறேன். என் விஷயம் கைத்துப்பாக்கியும் அதற்குள் போகும் தோட்டாவும்.

1890-களில் தற்காப்புக்கு ஒருவர் வைத்திருந்தது ரிவால்வர். உருண்டையான சிலிண்டர் இருப்பதால் தடிமன் அதிகம், கோட்டுப் பையில் புடைத்துக்கொண்டு தெரியும். தானாக ஏற்றும் பிஸ்டல் தட்டையாக இருக்கும். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். தானியங்கி பிஸ்டலில் ஒரு தோட்டாவின் வேலைதான் அடுத்த தோட்டாவைக் கொண்டு வருகிறது. வெடித்து, கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அழுத்தி, புதிய தோட்டாவை மேகசினிலிருந்து எடுத்துக் குழலுக்குள் தள்ளுவதற்கான சக்தி முழுவதும் அந்தத் தோட்டாவிலிருந்தே வர வேண்டும். ஆக தோட்டா என்பது பிஸ்டலின் ஒரு உறுப்பு. மோட்டாருக்குக் கரண்ட் மாதிரி வெளியிலிருந்து வருவதாக நினைத்தால் டிசைன் தப்பாகும். பிரௌனிங் இதைப் பிடித்துக்கொண்டார். பிஸ்டலையும் அதற்கான தோட்டாவையும் சேர்த்தே யோசித்தார்.

தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் நாலு பாகம் இருக்கிறது. பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி தட்டியதும் தீப்பொறி விடும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. ரிவால்வர் குண்டு வெறும் ஈயமாக இருக்கலாம். தானியங்கியில் குண்டு ஒரு சரிவில் மோதி, ஏறி, குழலுக்குள் நுழைகிறது. ஈயம் மெத்தென்றது, மோதினால் நசுங்கும். அதனால் ஈயத்தின் மேல் கடினமான உலோக உறையும், உருண்டையான மூக்கும் வைத்தார்கள். இந்த உருண்டை மூக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

1897-இல் பெல்ஜியம் நாட்டு எஃப்.என். கம்பெனியின் ஹார்ட் பெர்க் என்பவர் அமெரிக்கா வந்தார். வந்தது சைக்கிள் தயாரிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள! பிரௌனிங்கின் சின்ன பிஸ்டலைப் பார்த்தவர் அதைக் கையோடு கொண்டு போய்விட்டார். அந்த வருஷமே ஒப்பந்தம். பெல்ஜியத்தில் லீயேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1900 மாடல் பிஸ்டலைக் கொண்டு வந்தது. அதற்கான தோட்டாதான் .32 ஏ.சி.பி. ஐரோப்பாவில் 7.65 பிரௌனிங் என்பார்கள். குண்டின் எடை 4.6 கிராம், வேகம் விநாடிக்கு 275 மீட்டர் அளவில். பெரிய பலம் என்று சொல்ல முடியாது. ஆனால் பையில் அடங்கும், கையை உதறாது, நம்பிக் கொண்டு போகலாம். 1914-க்குள் எஃப்.என். தயாரித்த பிரௌனிங் பிஸ்டல்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்றாலே பிஸ்டல் என்று பொருளாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த .32-இல் ஒரு பழைய வாசனை இருந்தது. கூட்டின் அடியில் உள்ள விளிம்பு, கூட்டின் உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புதான் குழலுக்குள் தோட்டா எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நிறுத்தும் தடை. ரிவால்வர் காலத்து வழக்கத்தின் மிச்சம் அது. மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் போச்சு, மொத்தமும் பூட்டிக்கொள்ளும். நீளம் குறைந்த தோட்டா போட்டால் உள்ளே ஆட இடம் கிடைத்து இந்தத் தொல்லை கூடும். பின்னால் வந்த .45, .380 இரண்டிலும் விளிம்பை உடம்போடு சமமாக்கினார்கள். கூட்டின் வாய் போய் குழலுக்குள் உள்ள படியில் உட்காரும்படி செய்தார்கள். ஒரு தோட்டாவில் கண்ட குறையை அடுத்ததில் தீர்த்துக்கொண்டே போன விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

1905-இல் அதைவிடச் சின்னதாக .25 வந்தது. 3.2 கிராம் குண்டு, விநாடிக்கு 230 மீட்டர். இந்தப் பலம் ஏற்கெனவே .22 தோட்டாவில் கிடைக்கிறதே, மலிவாகவும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். .22-இல் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பைச் சுற்றி உள்ளே பூசப்பட்டிருக்கும். பூச்சு ஒரு பக்கம் விட்டுப்போனால் ஊசி அங்கே தட்டினாலும் வெடிக்காது. .25-இல் நடுவில் தனி பிரைமர். உயிருக்கு ஆபத்து வரும்போது எடுக்கும் பொருளில் அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு. 1908-இல் .380 வந்தது. 6 கிராமுக்குச் சற்று அதிகமான குண்டு, 290 மீட்டர் வேகம்.

ஏன் ஒரே தோட்டாவோடு நிறுத்தவில்லை? பெரிசே நல்லதுன்னா எல்லாத்தையும் பெரிசாவே செஞ்சிருக்கலாமே? இங்கதான் நம்ம மொமெண்டம் கணக்கு. எடையை வேகத்தால் பெருக்குங்கள். .25 குண்டுக்கு ஏறத்தாழ 0.74 கிலோகிராம் மீட்டர் / விநாடி. .45 குண்டு 14.9 கிராம், 253 மீட்டர் வேகம். அதற்கு ஏறத்தாழ 3.77. ஐந்து மடங்கு! குண்டு முன்னால் போகும் அளவுக்கு ஸ்லைடு பின்னால் வர வேண்டும், நியூட்டன் விடமாட்டார். சின்ன பிஸ்டலில் ஸ்லைடை எதுவும் பூட்டி வைப்பதில்லை. அதன் எடையும் பின்னால் உள்ள ஸ்பிரிங்கும்தான் தாங்க வேண்டும். ஸ்லைடு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் .25-க்கு அது விநாடிக்கு 3.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதே வேகத்துக்குள் .45-ஐ அடக்க வேண்டுமானால் ஸ்லைடு மட்டும் ஒரு கிலோ இருக்க வேண்டும். வாயுவின் பங்கு, ஸ்பிரிங்கின் எதிர்ப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான். ஆனாலும் விஷயம் புரியும். தோட்டாவைப் பெரிதாக்கினால் துப்பாக்கி பைக்குள் அடங்காது. பைக்குள் அடங்காத துப்பாக்கி வீட்டு அலமாரியில் தங்கிவிடும். வழியில் ஆபத்து வரும்போது அலமாரியில் இருக்கும் .45-ஆல் என்ன பயன்? பையில் இருக்கும் .25 பலம் குறைந்ததாக இருந்தாலும் கையில் இருக்கிறது.

எங்க அப்பா கொல்லுப்பட்டறை வெச்சிருக்கார். எங்க குடும்பத்துல பட்டறையைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அரிவாள் வேணும்னு யாராவது வந்தா அப்பா முதல்ல கேக்கறது எதுக்குன்னுதான். கதிர் அறுக்கவா, முள் வெட்டவா, தேங்காய் சீவவா, ஆடு அறுக்கவா? ஒவ்வொண்ணுக்கும் எடை வேற, வளைவு வேற, துவைச்சல் வேற. நல்ல அரிவாள் எதுன்னு கேட்டா அவருக்குக் கேள்வியே புரியாது. பிரௌனிங்கின் தோட்டாக்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த முறைதான் தெரிந்தது. அப்பா அப்படிக் கேக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுக்குப் பிறகு வர்றேன்.

.45-இன் கதை வேறு மாதிரி. அதைக் கேட்டது ராணுவம். 1899-க்குப் பிறகு பிலிப்பைன்ஸில் நடந்த சண்டைகளில் அமெரிக்க வீரர்கள் வைத்திருந்த .38 ரிவால்வர், பாய்ந்து வரும் ஆளை நிறுத்தவில்லை என்று புகார் வந்தது. அங்கே மண்ணின் மக்கள் தங்கள் ஊரைக் காக்கப் போராடினார்கள், அமெரிக்கர்கள் பிடிக்க வந்தவர்கள். தற்காப்பு யாருடையது என்று யோசித்தால் கசக்கத்தான் செய்கிறது. 1904-இல் தாம்சன், லா கார்டு என்ற இரு அதிகாரிகள் சிகாகோவின் கால்நடைக் கொட்டடியில் மாடுகளையும், பிணங்களையும் சுட்டுச் சோதித்தார்கள். .45-க்குக் குறையாத குண்டு வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். சோதனை முறை அரைகுறை என்று பின்னால் பலர் குறை சொன்னார்கள். முடிவு மட்டும் நிலைத்துவிட்டது.

பிரௌனிங் .45 தோட்டாவையும் அதற்கான பிஸ்டலையும் செய்தார். ஒரு கிலோ ஸ்லைடு பிரச்சினையை எப்படித் தீர்த்தார்? குழலையும் ஸ்லைடையும் பற்கள் வைத்துக் கோர்த்துவிட்டார். வெடித்ததும் இரண்டும் சேர்ந்து சில மில்லிமீட்டர் பின்னால் போகும். அதற்குள் குண்டு வெளியே போய் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது குழலின் அடியில் உள்ள ஒரு சின்ன இணைப்பு அதைக் கீழே இழுக்க, கோர்ப்பு விடுபட்டு ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போகும். இன்றைக்கு உலகத்தில் ஓடும் பெரும்பாலான பிஸ்டல்களில் குழல் சாய்வது இந்த வழியில் வந்ததுதான்.

1911 மார்ச்சில் ராணுவம் ஒரே பிஸ்டலில் 6000 தோட்டா சுட்டுச் சோதித்தது. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்த மாதமே அது அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் ஆனது. 1985 வரை அப்படியே இருந்தது. எடை என்னவோ 1.1 கிலோ. எஃப்.என். தயாரித்த .25 பிஸ்டல் 370 கிராம்தான். நாள் முழுக்க இடுப்பில் சுமப்பவனுக்கு அந்த வித்தியாசம் சாயங்காலம் தெரியும்.

இதற்கு நடுவில் வின்செஸ்டரோடு உறவு முறிந்தது. 1902 வாக்கில், தானாக ஏற்றும் வேட்டைத் துப்பாக்கிக்கு மொத்த விலை வேண்டாம், விற்பதற்கு ஏற்ப ராயல்டி வேண்டும் என்று கேட்டார். பென்னட் மறுத்தார். ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போய் வெளியே உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோன செய்தி வந்தது! அதன்பிறகுதான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குக் கப்பலேறினார். பத்தொன்பது வருஷ உறவைவிட உழைப்புக்கு உரிய பங்குதான் பெரிசுன்னு நின்னது சரின்னுதான் எனக்குப் படுது.

இனி அந்தச் சங்கடமான இடம். 1914 ஜூன் 28. போஸ்னியாவின் சராயேவோ நகரம். பத்தொன்பது வயது இளைஞன் கவ்ரிலோ பிரின்சிப், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் தன்முன் வந்து நின்றபோது பையிலிருந்து ஒரு பிஸ்டலை எடுத்தான். எஃப்.என். தயாரித்த 1910 மாடல் பிரௌனிங். உள்ளே .380 தோட்டா. சுட்டது இரண்டே தடவை. ஒரு குண்டு இளவரசரின் கழுத்தில். இன்னொன்று காரின் பக்கவாட்டுத் தகட்டைத் துளைத்துக்கொண்டு அவர் மனைவி சோஃபியின் வயிற்றில். அந்த அம்மாவைக் கொல்லும் எண்ணம் தனக்கு இல்லை, ஆளுநர் போட்டியோரெக்குக்கு வைத்த குறி அது என்று விசாரணையில் பிரின்சிப் சொன்னான். இருவரும் இறந்தார்கள். ஒரு மாதத்தில் முதல் உலகப் போர். ஆகஸ்டிலேயே ஜெர்மன் படை லீயேஜுக்குள் நுழைந்து, அந்த பிஸ்டல் பிறந்த தொழிற்சாலையையே பிடித்துக்கொண்டது.

பிரௌனிங் என்ன செய்வார், வாங்கினவன் செய்ததற்கு அவரா பொறுப்பு என்று ஹாஸ்டலில் நண்பர்கள் என்னோடு வாதாடினார்கள். போருக்கே அவர்தான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. அந்தப் போருக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. பைக்குள் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும், ஒரு நொடியில் எடுத்துச் சுட வேண்டும், தவறாமல் வெடிக்க வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஸ்பெசிஃபிகேஷன். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுப் பணத்தோடு வீட்டுக்குப் போகும் வியாபாரிக்கு வேண்டியது அதுவே. கூட்டத்தில் மறைந்து நின்று காத்திருக்கிறவனுக்கு வேண்டியதும் அதுவே. தற்காப்புக்கு எவ்வளவு பொருத்தமோ அவ்வளவு பொருத்தம் தாக்குதலுக்கும். இரண்டையும் பிரிக்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங்கையோ ஊசியையோ யாராலும் டிசைன் பண்ண முடியாது. எங்க அப்பா எதுக்குன்னு கேக்கறது இதனாலும்தான். வந்தவன் முகத்தைப் பார்த்துட்டு, நெருப்பு இல்ல, நாளைக்கு வான்னு சொல்லி அனுப்பினதை நானே பார்த்திருக்கேன். பத்து லட்சம் செய்கிற தொழிற்சாலைக்கு அப்படி முகம் பார்க்க வழி கிடையாது.

1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. தன் இயந்திரத் துப்பாக்கியையும் தானியங்கி ரைஃபிளையும் அரசாங்கத்துக்குக் கொடுத்தார். வழக்கமான ராயல்டி கேட்டிருந்தால் கோடிக்கணக்கில் வந்திருக்கும். அரசு சொன்ன 7,50,000 டாலருக்கு ஒத்துக்கொண்டார். வின்செஸ்டரிடம் ராயல்டிக்காக முறித்துக்கொண்ட அதே மனிதர்! மகன் வால் பிரௌனிங் அதிகாரியாக பிரான்ஸ் போர்முனைக்கே போய் அந்த ரைஃபிளைக் கையாளக் கற்றுக்கொடுத்தார்.

போருக்குப் பிறகு அவர் பாதி நாள் பெல்ஜியத்திலேயே இருந்தார். கூடவே உழைத்த தம்பி மேட் 1923-இல் போய்விட்டார். 1926 நவம்பர் 26-ஆம் தேதி, எஃப்.என். தொழிற்சாலையில் மகனின் அறையில் இதயம் நின்று ஜான் பிரௌனிங் காலமானார். வயது 71. அவர் பெயரில் 128 காப்புரிமைகள். பாதியில் விட்டுப்போன ஒரு பிஸ்டலை எஃப்.என். பொறியாளர் சைவ் முடித்து 1935-இல் ஹை-பவர் என்று கொண்டு வந்தார். பதின்மூன்று தோட்டா பிடிக்கும். அதில் போட்டது ஜெர்மானியர் லூகர் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டா, பிரௌனிங்குடையது இல்லை. நம் நாட்டில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை ராணுவத்துக்கும் போலீசுக்கும் செய்த 9 மி.மீ. பிஸ்டல் அந்த ஹை-பவரின் வழி வந்ததுதான்.

ஆள் போனபிறகும் தோட்டா பற்றிய வாதம் ஓயவில்லை. உருண்டை மூக்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? உலோக உறை போட்ட உருண்டைக் குண்டு மாட்டிக்கொள்ளாமல் ஏறும், சரி. ஆனால் அது உடம்பில் நேராகத் துளைத்து மறுபக்கம் வெளியேறவும் கூடும். பின்னால் வருகிறவன் குழந்தையோ கடைக்காரனோ, குண்டுக்கு அது தெரியாது. சராயேவோவில் தகட்டைத் துளைத்துப் போனதும் அப்படிப்பட்ட குண்டுதான். இதற்கு மாற்று, மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு. உடம்பில் பட்டதும் மலர்ந்து வேகம் இழந்து உள்ளேயே நின்றுவிடும். காயம் பெரிது. விரிகிற குண்டு என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வர வேண்டிய ஊர் கல்கத்தாவை ஒட்டிய டம்டம். 1890-களில் பிரிட்டிஷார் அங்கேதான் அப்படிக் குண்டு செய்தார்கள். 1899-இல் ஹேக் மாநாட்டில் போரில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. போருக்கு ஆகாது என்ற குண்டையே அமெரிக்கப் போலீசும் தற்காப்புக்கு பிஸ்டல் வைத்திருப்பவர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் பக்கத்தில் நிற்பவன் மேல் உள்ள அக்கறை. முதலில் படித்தபோது முரண்பாடாகத்தான் இருந்தது. போர்க்களத்தில் எதிரியின் வேதனை கணக்கு, தெருவில் வழிப்போக்கனின் உயிர் கணக்கு என்று பிரித்துப் பார்த்தபிறகு ஓரளவு விளங்கியது.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் நடந்த மோதலில், 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட் ஒன்று கொள்ளைக்காரனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய் இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கும் முறை கறாராக வந்தது. தசைக்குச் சமமான அந்தக் கட்டியில் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மிகாமலும் போக வேண்டும். குறைந்தால் நிறுத்தாது, கூடினால் வெளியேறும். லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் மாதிரி மேல் எல்லை, கீழ் எல்லை!

இந்த அளவுகோலில் பிரௌனிங்கின் சின்னத் தோட்டாக்கள் திணறுகின்றன. .380-இல் ஹாலோ பாயிண்ட் போட்டால் மலர்ந்துவிட்டுப் பல சமயம் 12 அங்குலம் எட்டுவதில்லை, எட்டினால் மலர்வதில்லை. .32-இலும் .25-இலும் பலர் பழைய உருண்டை மூக்கையே போடுகிறார்கள். ஹாலோ பாயிண்ட் தோட்டா நீளம் குறைந்தது என்பதால் .32-இல் அந்த விளிம்பு மாட்டும் தொல்லை வேறு. எந்தத் தோட்டாவானாலும் தன் பிஸ்டலில் போதுமான அளவு சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுகிறதா என்று தெரிந்த பிறகே அதை நம்ப வேண்டும் என்பது அங்கே துப்பாக்கி தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. 6000 தோட்டா சோதனையின் வீட்டு அளவுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை குறை இருந்தும் .380 சாகவில்லை. 2008-இல், அது பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, ரூகர் கம்பெனி எல்.சி.பி. என்ற உள்ளங்கை அளவு பிஸ்டலை .380-க்கு விட்டது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பைக்குள் அடங்க வேண்டும் என்ற பழைய காரணமேதான். .45-ம் இன்றுவரை தயாராகிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 9 மி.மீ., .45 எல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. உரிமம் வாங்கித் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது .32. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்த அஷானி பிஸ்டலில் போடுவது, பெல்ஜியத்துக்காக பிரௌனிங் கணக்குப் போட்ட அதே 7.65 தோட்டா, அதே நீட்டிய விளிம்போடு. சராயேவோ பிஸ்டல் ஜேசு சபைத் துறவிகளிடம் பல வருஷம் இருந்துவிட்டு 2004-இல் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.